பெட்டியை நம்பலாமா?



மிளகாய்த்தூளில் செங்கற்பொடி கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு கிளாஸ் தண்ணீரில் அதைத் தூவி அடியில் என்ன தங்குகிறது என்று கவனிக்க வேண்டும். இதை நம் உம்மாமார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் அது இன்றைய மீனா, நேற்றைய மீனா என்று தெரிந்துவிடும். தேங்காயெண்ணெயை முகர்ந்தாலே போதும். சந்தையில் நம்மைக் கண்டால் வியாபாரி கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் நிறுப்பார்.

ஆனால் வாசலில் நிற்கும் காருக்கோ ஓட்டோவுக்கோ ஒரு சாமான் மாற்ற வேண்டும் என்று வந்துவிட்டால் என்ன செய்கிறோம்? "அது ஆம்பிளைகள்ட வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆண்கள் வீட்டில் இருந்தால் சரி. கணவர் கத்தாரிலோ சவூதியிலோ இருக்க, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மதரசாவுக்கும் ஏற்றி இறக்குவது நாம்தான் என்று ஆகிவிட்ட வீடுகள் இன்று எத்தனை! அந்த வீடுகளில் பணம் அனுப்புகிறவர் ஒருவர், சாமானை வாங்கிப் பொருத்துகிறவர் ஒருவர், பிரேக்கை மிதிக்கிறவள் இன்னொருத்தி. அந்த மூன்றாவது ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இப்போது இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில், கரவெட்டியில். கணவரின் வேலை எங்களை இங்கே கொண்டுவந்தது. அவர் மாதத்தில் பாதி நாள் கொழும்பில் இருப்பார். நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் போக, பின்னேரம் திரும்பி வர, நடுவில் வல்லை வெளியைக் கடக்க வேண்டும். அந்த வழியால் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் வெளியும் தண்ணீரும், காற்று காரையே ஒரு பக்கம் தள்ளும். மாரிகாலத்தில் பொழுதுபட்ட பிறகு அங்கே வாகனம் நின்றுவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை. எங்கள் சிறிய சுசுகி அல்ட்டோவின் சாமான்களைப் பற்றி நான் அக்கறைப்பட ஆரம்பித்ததற்கு அந்த வெளி ஒரு காரணம்.

இன்னொரு காரணம் புத்தளத்தில் இருக்கும் என் தங்கச்சி.

அவர்களிடமும் ஒரு பழைய கார். முன் சில்லுகளின் பிரேக் பாட் தேய்ந்துவிட்டது என்று மச்சான் முகநூலில் ஒரு பக்கத்தைப் பார்த்து வரவழைத்தார். பெட்டி கம்பனிப் பெட்டிதான். எழுத்து, நிறம், மினுங்கும் ஒட்டு எல்லாம் இருந்தன. விலை, கடையில் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. இரண்டு மாதம் கழித்து அனுராதபுரம் போகும் வழியில், முன்னால் போன லொறி சடாரென்று நிற்க, மச்சான் பிரேக்கை மிதித்திருக்கிறார். இரும்பில் இரும்பு உரசும் சத்தம்தான் வந்ததாம், கார் நிற்கவில்லை. நல்லவேளை, இடது பக்கம் வெட்டி வயல் வரம்பில் ஏற்றிவிட்டார். பின் சீட்டில் தங்கச்சியும் மூன்று வயது மகளும். அல்லாஹ்வின் காவல், பிள்ளைக்கு நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போனது. கராஜில் கழற்றிப் பார்த்தபோது பாடின் கறுப்புப் பகுதி முழுசாகக் கழன்று விழுந்திருந்தது, வெறும் தகடுதான் மிச்சம். விற்ற பக்கத்தைத் தேடினால், அந்தப் பக்கமே இல்லை.

பிரேக் பாட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவான ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் உராய்வதற்கென்றே செய்த ஒரு கலவையை அழுத்தி, சூடாக்கி, ஒட்டியிருப்பார்கள். நாம் மிதிக்கும்போது இப்படி இரண்டு பாட்கள் சில்லோடு சுழலும் வட்டத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். அந்த நேரத்தில் அங்கே பிறக்கும் சூடு நம் அடுப்புச் சட்டியின் சூட்டைவிட அதிகம். நல்ல கலவையும் நல்ல ஒட்டும் அதைத் தாங்கும். போலியில் கலவை எரிந்து வழுக்கும், அல்லது ஒட்டு விட்டுவிடும். அமெரிக்காவில் பிடிபட்ட போலிப் பாட்களில் மரத்தூளும் காய்ந்த புல்லும்கூட இருந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். புல்லை அழுத்திக் கறுப்பு மை பூசினால் பார்வைக்கு அது பாட்தான்! நின்ற இடத்தில் மிதித்துப் பார்த்தாலும் நன்றாகவே பிடிக்கும். வேகத்தில், சூட்டில், பிள்ளை பின்னால் இருக்கும்போதுதான் அதன் உண்மை வெளிவரும்.

புத்தளத்தில் இருந்து வந்த கையோடு எங்கள் காரைப் பார்க்கும் நெல்லியடி மெக்கானிக் அண்ணையிடம் போனேன். "அண்ணை, இனி எங்கட காருக்குக் கம்பனிச் சாமான் மட்டும்தான் போட வேணும்" என்றேன். அவர் சிரித்தார். "ரீச்சர், கம்பனி எண்டு நீங்கள் சொல்லுறது எந்தக் கம்பனியை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பல நாள் பாடமாகிவிட்டது.

பாருங்கள், ஒரு கார்க் கம்பனி தன் காரின் எல்லாச் சாமான்களையும் தானே செய்வதில்லை. பிளக்கை ஒருவர் செய்வார், பெல்ட்டை ஒருவர், பிரேக் பாடை இன்னொருவர். ஜப்பானின் டென்சோ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அது 1949-இல் ரொயோட்டாவில் இருந்து பிரிந்து தனியான நிறுவனம். ரொயோட்டாவுக்கும் வேறு பல கார்களுக்கும் சாமான் செய்து கொடுக்கிறது. இப்படிப்பட்டவர்கள் செய்த சாமான் கார்க் கம்பனியின் பெட்டியில் வந்தால் கடைக்காரர் அதை 'ஜெனுயின்' என்பார். அதே ஆட்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் பெட்டி போட்டு விற்பார்கள். விலை கொஞ்சம் குறையும், தரத்தில் பயமில்லை. மூன்றாவதாக, கார்க் கம்பனிக்குச் செய்து கொடுக்காத, ஆனால் அந்தக் காருக்குப் பொருந்தும் சாமானைத் தன் சொந்தப் பெயரில் செய்து விற்கிறவர்கள். இவர்களில் மிக நல்லவர்களும் உண்டு, சுமாரானவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் பெட்டியில் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் சாமானும் ஒன்றுதான். நாலாவதுதான் போலி. இன்னொருவன் பெயரைத் தன் சாமான்மேல் அடிக்கிறவன். என் மச்சான் வாங்கியது அது.

நாம் என்ன செய்கிறோம் என்றால், முதலாவதைத் தவிர மற்ற மூன்றையும் 'டூப்ளிகேட்' என்று ஒரே பேரில் கூப்பிடுகிறோம். வியாபாரிகளும் அப்படியே. அதனால் ஜெனுயின் வாங்கக் காசு இல்லாதவர், "எல்லாம் டூப்ளிகேட்தானே, எது மலிவோ அதை எடுப்போம்" என்று நேராக நாலாவதில் போய் விழுகிறார். இடையில் இரண்டு நல்ல படிகள் இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை.

எங்கள் வீட்டுக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைக் கொட்டிலுக்கு அழைத்துப் போய்ப் படங்கை விலக்கிக் காட்டினார். உள்ளே ஓர் ஒஸ்ரின் ஏ 40. இங்கிலாந்தில் 1950களில் செய்த கார். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் வாடகைக்கு ஓடியவை பெரும்பாலும் இந்த ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும்தான். 1990 ஜூனில் மறுபடியும் போர் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை, பற்றறி வரவில்லை, வாகனச் சாமான் வரவில்லை. (அந்த ஆண்டு ஒக்டோபர், உங்களில் பலருக்கு வேறொரு நினைவு. என் வாப்பாவும் சோனகத் தெருவை விட்டு வெளியேறிப் புத்தளம் போனவர்களில் ஒருவர்தான். அதை இங்கே எழுத இடம் போதாது.) இங்கே தங்கியிருந்தவர்கள் அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, அதில் கொஞ்சம் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். புகைக்கரி பிடித்த பிளக்கைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தேய்த்துப் போடுவார்களாம். உடைந்த சாமானைக் கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோனால், கிடைத்த இரும்பில் அதே அளவாகக் கடைந்து கொடுப்பார்களாம்.

"பிள்ளை, அந்த நாளையில இந்தக் காரிலை ஓடினது அரைவாசி கொப்பிச் சாமான்தான். ஆனா ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும். பிழைச்சா ஆற்றை வாசலுக்குப் போறது எண்டும் தெரியும்" என்றார் பெரியவர்.

அசல், போலி என்ற விஷயத்தில் எனக்கு வெளிச்சம் கிடைத்தது இந்தப் பேச்சில்தான். கடைச்சல் பட்டறைக்காரர் செய்தது கொப்பி, ஆனால் அதில் பொய் இல்லை. தன் பெயரில், தன் வாசலில் வைத்துக் கொடுத்தார். தென்னிலங்கையிலும் இதுபோல ஒன்று நடந்தது. மொறிஸ் மைனரின் உற்பத்தி 1971-இல் நின்றுவிட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் அந்தக் கார்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் நம் நாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு அதன் தகடுகளைக் கையால் தட்டிச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். இலங்கையில் செய்தது என்று சொல்லியே விற்றார்கள், வாங்குகிறவர்களும் தெரிந்தே வாங்கினார்கள். இதைப் போலி என்று யாராவது சொல்வார்களா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட செய்தி உங்கள் எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்ததை மேலே தெரியும்படி வைத்து விற்றிருந்தால் அந்த வியாபாரிமேல் குற்றம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. மறைத்ததுதான் மோசடி. இன்றைக்கு நமக்குள்ள கஷ்டம், தொலைபேசித் திரையில் இருக்கும் குவியலுக்குள் கையை விட முடியாது என்பதுதான்.

அப்படியானால் ஏன் இணையத்தில் வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். வேறு வழி குறைவு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நாடு முழுக்கப் பழைய வாகனங்களையே ஒட்டி ஒட்டி ஓட்டினோம். நடுவில் 2022-இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களில் 350-ஐத் தாண்டியது. வெளிநாட்டில் இருந்து வரும் சாமானின் விலை என்னவாகும்? கார் பழையது, சாமான் அடிக்கடி தேவை, விலை எட்டாத உயரம். போலி விற்கிறவனுக்கு இதைவிட நல்ல காலம் ஏது? எங்களைப் போலக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைத்தெருவுக்கு இத்தனை தூரத்தில் இருப்பவர்களுக்கு, நெல்லியடிக் கடையில் இல்லாத ஒரு சாமான் வேண்டுமென்றால் படத்தைப் பார்த்துப் பார்சலில் எடுப்பதுதான் நடைமுறை.

இனி நான் எப்படி வாங்குகிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் சாமானின் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டேன். இலக்கத்தைச் சொல்லித்தான் கேட்கிறேன். ஒவ்வொரு கார்க் கம்பனியும் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இலக்கம் வைத்திருக்கிறது. உதாரணத்துக்கு, சுற்றிப் பூட்டும் ஒயில் பில்டரை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் ரொயோட்டாவின் இலக்கம் 90915 என்றும், ஹொண்டாவின் இலக்கம் 15400 என்றும், சுசுகியின் இலக்கம் 16510 என்றும் தொடங்கும். மிச்ச எழுத்துகளும் எண்களும் காருக்குக் கார் வேறுபடும். உங்கள் காருக்குரிய முழு இலக்கத்தை எப்படி அறிவது? வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சசி இலக்கத்தைக் கம்பனி முகவரின் சாமான் பகுதிக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேளுங்கள். அவர்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த விலைதான் உங்கள் கையில் இருக்கும் அளவுகோல். அதே சாமானை 'ஜெனுயின்' என்று சொல்லி ஒருவர் அரைவிலைக்குத் தருகிறார் என்றால், மிச்சப் பாதியை அவர் என்ன சதக்கா கொடுக்கிறாரா?

அடுத்தது படம். பல பக்கங்களில் போட்டிருப்பது கம்பனியின் விளம்பரப் படம். விற்கிறவரின் கையில் இருக்கும் சாமானின் படம் அல்ல. நான் வாட்ஸ்அப்பில் கேட்பேன். பெட்டியை வேண்டாம், பெட்டியில் இருந்து எடுத்த சாமானை, இலக்கம் பொறித்த பக்கம் தெரியும்படி, இன்றைய பத்திரிகைத் தாளின்மேல் வைத்து எடுத்து அனுப்புங்கள் என்று. நேர்மையானவர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார், சிலர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு அனுப்புவார்கள். மற்றவர் கோபிப்பார். "இவ்வளவு சந்தேகம் என்றால் வாங்காதீங்க" என்பார். வாங்க மாட்டேன், அவ்வளவுதான்.

வார்த்தைகளையும் கவனிக்க வேண்டும். 'ஜப்பான் தரம்', 'ஜெனுயின் குவாலிட்டி', 'ஒறிஜினல் கொப்பி', 'ஏ கிரேட்' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இவை ஒன்றும் எந்த உறுதியும் தருவதில்லை. ஜப்பான் தரம் என்றால் ஜப்பானில் செய்தது என்று அவர் சொல்லவில்லையே! நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதைச் செய்தது யார்? அந்தப் பெயரைப் பில்லில் எழுதித் தருவீர்களா?" பில் கேட்டால் கொடுக்க வேண்டியது நம் நாட்டில் வியாபாரியின் சட்டக் கடமை. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. பெயரும் இலக்கமும் எழுதிய பில் கையில் இருந்தால் அந்தச் சபைக்கு முறையிடலாம். 1977 என்பது அவர்களின் அழைப்பு இலக்கம். வெறும் கூரியர் துண்டை வைத்துக்கொண்டு யாரிடம் போவது? பொருள் வந்த பிறகு காசு என்பதைப் பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிறோம். காசை வாங்கிய பிறகுதானே கூரியர்ப் பையன் பார்சலைத் தருகிறான்! பிரித்துப் பார்ப்பதற்குள் அவன் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடுவான். அதனால் பார்சலைப் பிரிக்கும்போது மூத்த மகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கச் சொல்வேன். அவளுக்கு அது விளையாட்டு, எனக்குச் சாட்சி.

சாமான் வீட்டுக்கு வந்ததும் சோதனை சமையலறையில்தான் நடக்கும். கேக் செய்ய மாவு நிறுக்கும் கிராம் தராசு ஒன்று என்னிடம் உண்டு. முகவரிடம் நேரில் வாங்கிய எந்தப் புதுச் சாமானையும் பொருத்தக் கொடுக்குமுன் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிடுவேன். எயர் பில்டர் இவ்வளவு, ஒயில் பில்டர் இவ்வளவு, பிளக் இவ்வளவு என்று. அடுத்த முறை இணையத்தில் வந்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். போலி செய்கிறவன் மிச்சம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஒயில் பில்டரின் தகரக் கூட்டுக்குள் கடதாசி மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தியதும் ஒயில் வடிந்துவிடாமல் பிடிக்க ஒரு றப்பர் வால்வும், கடதாசி அடைத்துவிட்டால் ஒயில் வேறு வழியால் போக இன்னொரு வால்வும் இருக்க வேண்டும். மடிப்பைக் குறைத்தாலும் வால்வை விட்டுவிட்டாலும் வெளியே தெரியாது. தராசுக்குச் சில வேளை தெரியும். ஒருமுறை ஒரு பில்டர் நாற்பது கிராம் குறைவாக வந்தது. படத்தையும் எடையையும் அனுப்பினேன். விற்றவர் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார். அவருக்கே யாரோ தலையில் கட்டியிருக்கலாம், யார் கண்டது?

பிளக் என்றால் நம் கண்ணே போதும். ஜப்பானின் என்.ஜி.கே. பிளக்குக்குப் போலி நிறைய. அடியில் ஒரு வாஷர் வளையம் இருக்கும். உண்மையானதில் அது புரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கவிழ்த்துப் பிடித்தால் கழன்று விழாது. போலியில் வளையல் போல ஆடி விழும். புரி ஒரே சீராக, பளபளவென்று இருக்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் உள்ள எழுத்து நகத்தால் சுரண்டினால் போகக் கூடாது. நுனியில் உள்ள இரண்டு கம்பிகளும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். தையல் ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு இது பெரிய வேலையா?

பிரேக் பாடின் ஓரத்தில் அல்லது தகட்டின் பின்பக்கத்தில் செய்தவரின் பெயரும் கலவையின் இலக்கமும் பொறித்திருக்கும். பலவற்றில் கூடவே இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், எஃப் எஃப், ஜீ எஃப் என்பது போல. அது உராய்வின் அளவு. குளிரில் எவ்வளவு பிடிக்கும், சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒவ்வோர் எழுத்தும் சொல்கிறது. ஒன்றுமே பொறிக்காத பாட் வந்தால் அதைத் தொடவே வேண்டாம். செய்தவனே சொந்தம் கொண்டாட விரும்பாத சாமான் நமக்கு எதற்கு? பொறித்திருந்தாலும் நம்பிவிட முடியாது, எழுத்தையும் போலி செய்யலாம். அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் தெரியாத பக்கத்தில் வாங்குவதில்லை. முகவரிடம், அல்லது அண்ணைக்குப் பல வருடம் பழக்கமான கடையில் மட்டும்தான். ஜெனுயினுக்குக் காசு போதாவிட்டால், நல்ல பேருள்ள மூன்றாவது வகை. கண்ணாடி மூடி, மிதியடி, வைப்பர், லைற் மூடி போன்றவற்றை எங்கேயும் வாங்கலாம். உடைந்தால் மனம்தான் நோகும்.

எயர்பாக் இதைவிடப் பயங்கரம். விபத்தில் விரிந்த பைக்குப் பதிலாக மலிவில் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுவார்கள். அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2012 ஒக்டோபரில் போலி எயர்பாக் பற்றி நாடு முழுக்க எச்சரிக்கை விட்டது. சோதித்தபோது சில விரியவே இல்லை. சில வெடித்து இரும்புச் சிதறல்களை வீசின. பழைய கார் வாங்கப் போகும் சகோதரிகள், முன்பு விபத்துப்பட்டதா, எயர்பாக் மாற்றியதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பழைய சாமான் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் இருந்து கழற்றி வரும் 'ரிகண்டிஷன்' சாமான்களைச் சிலர் இழிவாகப் பேசுவார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. கதவு, லைற், ஓல்ற்றர்னேற்றர் போன்றவற்றில் பொய்யான புதியதைவிட உண்மையான பழையது மேல் என்பது அண்ணையின் கட்சி. எனக்கும் அது சரியாகவே படுகிறது. றப்பர், பெல்ட், பிரேக் சாமான், ரயர் இவற்றுக்கு அது பொருந்தாது. அவை இருக்க இருக்கக் கெடும். ரயரின் பக்கவாட்டில் டொட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. புது ரயர் என்று விற்பவரிடம் இதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போதே எழுந்துபோய் உங்கள் வாசலில் நிற்கும் வாகனத்தில் பார்த்துவிட்டு வந்தும் மிச்சத்தை வாசிக்கலாம்!

கராஜில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதைத் தாளில் சுற்றித் தானாகவே தருவார். புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துளைகள், வளைவு, பொறித்த எழுத்து எல்லாம் ஒத்திருக்கிறதா என்று பொருத்தும் முன்னரே பாருங்கள். பெண்பிள்ளை வந்து நின்று பார்க்கிறாளே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எங்கள் அண்ணை முதல் நாள் ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது சாமான் வந்தால், "ரீச்சர், முதல்ல உங்கட தராசில வைச்சுப் பாத்திட்டுத் தாங்கோ" என்று அவரே சொல்கிறார்.

தங்கச்சிக்கும் ஒரு தராசு வாங்கி அனுப்பியிருக்கிறேன். மச்சான் அதைப் பார்த்து என்ன சொன்னார் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

முடிக்கும் முன், நம் வீட்டிலேயே நடக்கும் ஒரு விஷயம். போலி செய்கிறவனுக்கு உண்மையான பெட்டியும் உண்மையான ஒயில் கானும் எங்கே கிடைக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? நாம்தான் கொடுக்கிறோம்! போத்தல், பேப்பர் எடுக்க வருகிறவரிடம் வெறும் ஒயில் கானை மூடியோடு, ஒட்டுக் கலையாமல் கொடுக்கிறோம். அதில் பழைய ஒயிலை வடித்து நிரப்பி மூடினால் புதுக் கான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் இரண்டு காசுக்கு வாங்கி மூன்று காசுக்கு விற்கிறவர். எங்கள் வீட்டில் இப்போது காலி கானின் வயிற்றில் தேங்காய் உடைக்கும் கத்தியால் ஒரு குத்து. மூடி வேறாக, கான் வேறாக. பெட்டிகளை நாலாகக் கிழித்து அடுப்பு மூட்ட வைத்துவிடுவேன். மினுங்கும் ஒட்டுகளை மட்டும் இளைய மகன் விடமாட்டான், தன் பாடக் கொப்பி உறையில் ஒட்டிக்கொள்கிறான்.